சிவப்புப் புள்ளி பிளேடு

"உன் இட்லிப் பானை ஆவியிலதான் என் சிவப்புப் புள்ளி பிளேடு கோணிப்போச்சு, அறிவு கெட்டவளே!" சாப்பாட்டு மேஜையிலிருந்து சற்குணம் போட்ட சத்தம் அடுப்படிக்குள் வந்து விழுந்ததும், தமயந்தி கையிலிருந்த மாவுக் கரண்டியைக்கூடக் கீழே வைக்காமல் திருப்பிக் கொடுத்தாள். "ஆமா, என் இட்லிப் பானை எந்திரிச்சு நடந்து வந்து உங்க பிளேடு மேல ஏறி உக்காந்துச்சு. இருபத்தெட்டு வருஷமா இதே அடுப்படில இட்லி வேகுது. சுவரு கோணலை, அலமாரி கோணலை, ஊதினா பறக்கிற உங்க காத்தாடிச் சருகு மட்டும் கோணிடுச்சாக்கும். கோணல் பிளேடுல இருக்கா பார்க்கிற கண்ணுல இருக்கான்னு முதல்ல பாருங்க!" சொன்னது கச்சிதமாக வந்துவிட்ட அல்ப சந்தோஷத்தில் இட்லித் தட்டின் மூன்றாவது குழியில் மாவை விட்டாள். நான்காவது குழிக்குப் போன கை அப்படியே நின்றது. யார் பேசினது? வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள், டி.வி. ஓடவில்லை, பால்காரன் வந்து போய் ஒரு மணி நேரம் ஆகிறது, பக்கத்து வீட்டுக்காரர்கள் மார்கழி பஜனைக்குக் கிளம்பிப் போய்விட்டார்கள். உன். இட்லிப். பானை. ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் தட்டு, விரல் விட்டு எண்ண முடியாது, அதனால் குழிகளை எண்ணினாள். ஏழு குழித் தட்டு முழுதும் ஒரு சுற்று, மறுபடி முதல் குழியிலிருந்து நாலு, அங்கே வந்து அறிவு கெட்டவளே முடிந்தது. பதினோரு வார்த்தை. பத்து மாசம் முடிந்து பதினொன்றாவது மாசம் நடக்கிறது, இந்த மனிதர் வாயிலிருந்து ஒரே மூச்சில் பதினோரு வார்த்தை, அதுவும் அதனதன் இடத்தில், யாருடைய ஆவி, யாருடைய பிளேடு, எந்தப் புள்ளி, எதனால் கோணல், கடைசியில் யார் அறிவு கெட்டவள் என்பது வரைக்கும் ஒன்று விடாமல். அவளோ வழக்கம்போல் மடேர் என்று பதில் சொல்லிவிட்டாள். மாவு கரண்டி விளிம்பிலிருந்து சொட்டி அவள் கால் கட்டைவிரலில் விழுந்தது, சில்லென்று.

கத்தக் கூடாது, ஓடக் கூடாது, அழவே கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், கான்வென்ட் பள்ளிக்கூடத்தில் சிஸ்டர் வராந்தாவில் வரும்போது ஒருத்திக்கொருத்தி கிசுகிசுத்துக்கொள்வதைப்போல. ஆவணியில் பட்டது போதாதா. அன்றைக்கு சற்குணம் தண்ணி கொடு என்றார், இரண்டே வார்த்தை, அவள் தண்ணி கொடுத்தாளா, இல்லை, போனை எடுத்துப் புனேயில் இருக்கும் மகளைக் கூப்பிட்டாள், முகத்துக்கு நேரே பிடித்தாள், சொல்லுங்க, இன்னொரு தரம் சொல்லுங்க, சுருதி கேக்கணும்ல, தண்ணி, தண்ணி கொ, சொல்லுங்க, என்று ஆண்டுவிழாவில் மேடையில் ஏற்றிவிட்ட எல்.கே.ஜி. பிள்ளைக்குத் திரை மறைவிலிருந்து எடுத்துக் கொடுப்பதைப்போலக் கொடுத்தாள். அவர் போனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், வாயை மூடினார். ஒன்பது நாள் திறக்கவில்லை. தண்ணியையும் அவரே எழுந்து போய் இடது கையால் பிடித்துக் குடித்துக்கொண்டார். அந்த ஒன்பது நாளில், அதுவரை அவருக்கு மிச்சமிருந்த ஒரே வார்த்தையான 'போதும்'கூட வரவில்லை. மாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை பல் விளக்கிக்கொண்டே குளியலறை வாசலில் சரிந்தார், மூளையில் இடது பக்கம் ஒரு சின்னக் குழாய் அடைத்துக்கொண்டது என்றார் டாக்டர், வலது கையும் பேச்சும் அந்தப் பக்கத்துக் கட்டுப்பாட்டில் இருப்பவையாம். பதினேழாம் நாள் வீட்டுக்கு வந்தபோது அவரிடம் இருந்தது 'போதும்' ஒன்றுதான். காபி வேண்டும் என்றாலும் போதும், ஃபேனைப் போடு என்றாலும் போதும், செத்துப்போன அவருடைய அண்ணன் படத்தைக் காட்டிக் கண்கலங்கினாலும் போதும். தட்டை நீட்டிக்கொண்டு போதும் போதும் என்பார், இன்னும் வை என்று அர்த்தம். பாலிடெக்னிக்கில் முப்பது வருஷம் ஒர்க் ஷாப் நடத்தியவர், கடைசல் இயந்திரத்தின் சத்தத்துக்கு மேலே அறுபது பிள்ளைகளை அதட்டியவர். பேச்சுப் பயிற்சிக்கு வருகிற பெண் அட்டையை நீட்டுவாள், பூனைப் படம், சார் இது என்ன, போதும். மரம், போதும். கடைசியில் அந்தப் பெண் தமயந்தியைக் காட்டி, சார் இவங்க பேர் என்ன என்று கேட்பாள். அவர் வெகு நேரம் பார்ப்பார். உதடு ஒரு வடிவத்துக்குப் போகும், த-வுக்கான வடிவமா வேறு எதற்கோவா என்று அவள் உற்றுப் பார்ப்பாள், நாக்கு பல்லுக்குப் பின்னால் போய் நிற்கிறதா என்று. பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்வார், போதும்.

அதனால் இப்போது செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, ஒன்றும் நடக்காததுபோலச் சண்டையைத் தொடர்வது. அது அவளுக்குக் கைவந்தது. ஆனால் தட்டைப் பானைக்குள் இறக்கும்போது அது டங்கென்று பக்கத்தில் மோதுகிறதே. யாருக்கு நன்றி சொல்வது என்று வேறு புத்தி அலைந்தது, சமயபுரத்தாளுக்கா, பள்ளிக்கூடத்துக் கல்குகைக் கெபியில் நீல முக்காட்டோடு நின்ற மாதாவுக்கா, இரண்டு பேரிடமும் ஒரே வேண்டுதலை வைத்திருந்தாள், ஒருத்திக்குத் தெரியாமல் இன்னொருத்தியிடம், டாக்டர்களிடம் இரண்டாவது அபிப்பிராயம் கேட்பதைப்போல. டாக்டருக்கா, அட்டை காட்டும் பெண்ணுக்கா, இல்லை இந்தப் பானைக்கா. பானைக்குத்தான். கரி பிடித்த அடிப்பாகம், ஒரு காது ஆடுகிற பழைய அலுமினியப் பானை, மகள் நாலு தரம் தூக்கிப் போடச் சொன்னது. உன்மேல் பழி போட வேண்டும் என்பதற்காகவே ஒரு மனுஷன் பத்து மாசம் தேடிக் கிடைக்காத வார்த்தைகளை எல்லாம் ஒரே நொடியில் தேடிப் பிடித்தாரே. மூடியைப் போட்டாள். முந்தானையில் முகத்தைத் துடைத்தாள், ஆவி, ஆவிதான், கேட்டால் ஆவி என்று சொல்லிக்கொள்ளலாம். "கொண்டாங்க பார்ப்போம், அப்படி என்ன கோணிடுச்சு!" என்று சிடுசிடுத்தபடி மேஜைக்கு வந்தாள். சற்குணம் நிமிரவில்லை. பனியனும் மஃப்ளருமாக, வலது கை மடியில் கிடக்க, இடது கையின் இரண்டு விரலுக்கிடையில் ஒரு குண்டூசியைப் பிடித்து, அதன் மேல் அந்தக் காற்றாடியைத் தொங்கவிட்டிருந்தார். காற்றாடி என்றால் பிள்ளைகள் ஓலையில் செய்வது இல்லை. பால்சா என்று ஒரு மரம், எடையே கிடையாது, பழைய போஸ்ட் கார்டைவிட மெல்லிசாகச் சீவினால் வெளிச்சம் அந்தப் பக்கம் தெரியும். அதில் இரண்டு பிளேடு, கைக்கு அடங்கிய நீளம், நடுவில் ஒரு குச்சி. அது மாட்டுகிற பொம்மை விமானம் முழுதுமே ஒரு கல்கண்டு எடைதான். மூக்கில் இந்தக் காற்றாடியை மாட்டி, ரப்பரை ஆயிரம் முறுக்கு முறுக்கி விட்டால், கூரைக்கும் தரைக்கும் நடுவில், யாரோ தூக்கத்தில் நடப்பதைப்போல அத்தனை மெதுவாக, ஏழு நிமிஷம் எட்டு நிமிஷம் சுற்றிச் சுற்றி வரும். வெளியில் விட்டால் ஒரு தும்மலுக்குத் தாங்காது. அதற்காகத்தான் மண்டபம். முகூர்த்தம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண மண்டபம் சும்மா கிடக்கும், கூட வேலை பார்த்த பெர்னார்ட் யாரையோ பிடித்து ஞாயிற்றுக்கிழமைகளுக்குச் சாவி வாங்கிவிடுவார், ஊரில் இந்தக் கிறுக்கு பிடித்த ஐந்தாறு பேர் செருப்பைக் கழற்றிவிட்டு, எல்லா ஃபேனையும் நிறுத்திவிட்டு, அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார்கள். தாலி கட்டுகிறவர்களைக்கூட இத்தனை பக்தியாக யாரும் பார்த்ததில்லை என்பாள் தமயந்தி. இன்றைக்கு மார்கழியின் கடைசி ஞாயிறு. அடுத்த ஞாயிறு தை, மண்டபத்தில் வாழைமரம் கட்டிவிடுவார்கள், இனி ஆடி வரைக்கும் கதவு திறக்காது. ஒன்பதரை மணிக்குப் பெர்னார்ட் கார் எடுத்துக்கொண்டு வருவார். இப்போது எட்டு அடிக்கப் பத்து நிமிஷம்.

போன ஆடியை நினைக்காதே என்று புத்தியிடம் சொன்னாள், அது நினைத்தது. பெர்னார்ட் நல்லெண்ணத்தோடுதான் கூட்டிக்கொண்டு போனார், அவருடைய விமானத்தையே இவர் கையில் கொடுத்து, சார் நீங்க விடுங்க என்றார். வலது கை முறுக்கைப் பிடிக்கவில்லை, ரப்பர் சர்ரென்று பிரிந்து இறக்கையில் சுற்றிக்கொண்டது. ஒருத்தரும் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை, அதுதான் வினை, எல்லோரும் சேர்ந்து கை தட்டினார்கள், பரவாயில்ல சார், சூப்பர் சார். பழைய சற்குணமாக இருந்தால் வெட்டியாகக் கை தட்டாதீங்கய்யா என்று ஒரு அதட்டு அதட்டியிருப்பார். இவர் போதும் என்றார், வீட்டுக்கு வந்தார், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். அந்தச் சுவரில் அவர் தலைக்கு நேரே ஒரு காரைப் பெயர்ப்பு இலங்கை வரைபடம்போல இருக்கும். இருபது நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சோறு ஊட்டும்போதுகூட அதன் பக்கமே முகம். அவள் அந்த இருபது நாளும் பேசினாள், விடாமல் பேசினாள், கத்தரிக்காய் சொத்தை, எதிர் வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு போனது, கேஸ் சிலிண்டர், எல்லாவற்றையும். அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு வருஷமும் ரிப்போர்ட் கார்டில் நடத்தை நன்று, வாயாடி என்று இங்கிலீஷில் சரிவான கையெழுத்தில் எழுதித் தருவார்கள், கணக்கு டீச்சர் மாறினாலும் வகுப்பு மாறினாலும் அந்த வரி மாறாது. அப்பா அதை வாசித்துவிட்டுக் கட்டிக்கப்போறவன் பாவம் என்பார். ஒரு நாள் இருபதாவது நாளோ என்னவோ, பேசிக்கொண்டே இருந்தவளுக்குச் சட்டென்று ஒரு கேள்வி வந்தது, அவர் பேசாதது நோயாலா அல்லது நான் இடம் கொடுக்காததாலா என்று. அந்தக் கேள்வி அதற்குப் பிறகு அவளை விடவில்லை, முள் எடுத்த இடத்தில் நுனி மாத்திரம் தங்கினதுபோல, அழுத்தினால் தெரியும். அழுத்தாமலும் இருக்க முடியாது. கார்த்திகையில் ஒரு நாள் அவராக எழுந்து வந்து அடுப்படி அலமாரியில் துவரம்பருப்பு டப்பாவைத் தொட்டுக் காட்டிப் போதும் என்றபோது, பருப்பு வேண்டாம் என்கிறாராக்கும் என்றுதான் நினைத்தாள். பிறகுதான் புரிந்தது, டப்பாவின் பக்கத்தில் அவர் பல வருஷத்துக்கு முன்னால் சரிவாக ஒரு கோடு போட்டு வைத்திருந்தார், அந்தக் கோட்டுக்காக அன்றைக்கு அவள் எத்தனை ரகளை செய்திருந்தாள், எவர்சில்வர் டப்பாவில் ஆணியால் கீறுகிற மனுஷன் உண்டா என்று. நனைத்த பால்சாத் தகட்டை அந்தக் கோட்டுக்குச் சரியாக வைத்துத் துணியால் சுற்றிக் காயவிட்டால் டப்பாவின் வளைவும் கோட்டின் சரிவும் சேர்ந்து பிளேடுக்கு வரும். பருப்பைத் தாம்பாளத்தில் கொட்டினாள். ஒரு வார்த்தை பேசாமல் கொட்டினாள், அதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

"காட்டுங்க" என்றாள். அவர் குண்டூசியை இன்னும் கொஞ்சம் உயர்த்தினார். எங்கே கோணல் என்று கண்டுபிடிக்க அவருக்கு ஒரு முறை உண்டு, இந்த ஒன்றரை மாசத்தில் கையாலும் புருவத்தாலும் அவளுக்கும் அது ஏறியிருந்தது. முதலில் ஊதாமல் விட வேண்டும், எந்தப் பக்கம் கீழே போகிறது என்று பார்க்க. இரண்டும் சமமாக நின்றன, அப்படியானால் எடையில் குறையில்லை. பிறகு மெதுவாகச் சுற்றிவிட்டு நடுவைப் பார்க்க வேண்டும், நடு ஆடினால் கம்பி வளைந்திருக்கிறது. நடு ஆடவில்லை. பிறகு நுனி. புள்ளி இல்லாத பிளேடின் நுனி மேஜை மேல் வைத்த தீப்பெட்டியின் விளிம்பை உரசாமல் உரசிக்கொண்டு போயிற்று, சிவப்புப் புள்ளி வைத்தது வரும்போது ஒரு தீக்குச்சிப் பருமன் தள்ளிப் போயிற்று. ஒரு தீக்குச்சி. அவ்வளவுதான். அந்த ஒரு தீக்குச்சிக்கு விமானம் மூக்கை ஆட்டிக்கொண்டே ஏறும், நாலு சுற்றில் மண்டபத்துத் தூணில் முட்டும், ஐந்தாறு பேரும் மறுபடி கை தட்டுவார்கள். பரவாயில்ல சார். சற்குணம் அவளை நிமிர்ந்து பார்த்தார், பார்த்தாயா என்பதைப்போல, பிறகு ஃபிரிட்ஜின் தலையைக் காட்டினார், அங்கிருந்து விரலை அடுப்புக்குக் கொண்டுபோனார், ஆவி போகும் வழியைக் காற்றில் வரைந்தார். காற்றாடியை நேற்றிலிருந்து ஃபிரிட்ஜ் மேலேதான் வைத்திருந்தது. வாய் திறக்கவில்லை. அவ்வளவுதானா, பதினொன்றோடு தீர்ந்துவிட்டதா என்று அவர் உதட்டையே பார்த்தாள். கோபத்தில் யாருக்கும் வந்துவிடும், கெட்ட வார்த்தை மட்டும் மூளையில் தனி அறையில் இருக்குமாம், அது தானாக வரும், அதை வைத்துக் கணக்குப் போடாதீங்கம்மா என்று அட்டை காட்டும் பெண் முதல் வாரமே சொல்லியிருந்தாள். அறிவு கெட்டவளே தனி அறையிலிருந்து வந்திருக்கலாம். ஆனால் ஆவியிலதான்? அந்த 'தான்'? அது எந்த அறை?

ஆனால் பானை இல்லை. பானை என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார், பானை இல்லை என்று அவளுக்குத் தெரியும், அவர் நுனியைக் காட்டிய நொடியிலேயே தெரிந்துவிட்டது. புள்ளி இல்லாத பிளேடை வியாழக்கிழமை சுற்றினாள், வெள்ளி காலை வரைக்கும் டப்பாவிலேயே இருந்தது. சிவப்புப் புள்ளியை வெள்ளி இரவு சுற்றினாள், அவருடைய வலது மணிக்கட்டுக்கு வாங்கிய க்ரேப் பேண்டேஜ் துணியாலேயே, ஒரு சுற்று மேல் ஒரு சுற்று, அவர் பக்கத்தில் உட்கார்ந்து இடது விரலால் இறுக்கத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டார். சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பிரிக்காதே என்று சைகையில் சொல்லிவிட்டுத்தான் காலையில் தூங்கப் போனார். இவள் பதினோரு மணிக்குத் தொட்டுப் பார்த்தாள். துணி காய்ந்திருந்தது. துணிதான் காய்ந்திருந்தது. ஒரு முனையைத் தூக்கி, ஒரு சுற்று மட்டும் என்று ஆரம்பித்து, முழுதும் பிரித்துவிட்டாள். பிளேடு அழகாகத்தான் வந்தது கையில், இளசான வாழைக் குருத்து வளைவதுபோல வளைந்து. ஆனால் அடித் தோல் சில்லென்றிருந்தது, அப்போதே தெரியும், தெரிந்தும் காற்றாட வைத்தால் காய்ந்துவிடும் என்று வைத்தாள், சாயங்காலம் அப்போதுதான் பிரித்ததைப்போல அவரிடம் கொடுத்தாள். பாதி காய்ந்த மரத்தை அவிழ்த்துவிட்டால் அது தன் இஷ்டத்துக்குத் திரும்பும். அவளுக்கா தெரியாது, வெந்ததா என்று பார்க்கப் பாதியில் மூடியைத் திறந்தால் இட்லி என்ன ஆகும் என்று ஊருக்கே சொல்கிறவள். பள்ளிக்கூடத்தில் தையல் வகுப்பில் எம்ப்ராய்டரித் துணியை நேரத்துக்கு முன்னால் வட்டச் சட்டத்திலிருந்து கழற்றி, நாலு தரம் பிரித்துத் திரும்பப் போட்டவள், அப்போதும் இதே புத்தி, முடிந்ததா முடிந்ததா என்று. வெள்ளிக்கிழமைகளில் கத்தோலிக்கப் பிள்ளைகள் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் போகும்போது இவள் வகுப்பில் உட்கார்ந்துகொண்டு பொறாமைப்படுவாள், சொல்லிவிட்டால் தீர்ந்துவிடுகிற பாவம் எத்தனை வசதி என்று. இப்போது சொல்லலாம். சொன்னால் என்ன ஆகும். இந்தப் பழியைத் தூக்கிக்கொண்டுதானே அந்தப் பதினோரு வார்த்தையும் வந்தது, பழி பொய் என்றால் வார்த்தையும் திரும்பிப் போய்விடுமா. என்ன முட்டாள்தனமான பயம். ஆனாலும் பயம் பயம்தான்.

"எந்திரிங்க, இப்படி வாங்க" என்றாள். "என் பானைமேல பழி போட்டீங்கல்ல, அதே பானையை வச்சே நிமிர்த்தித் தரேன், வாங்க." அவர் எழுந்து வந்தார், வலது காலைச் சற்று இழுத்து, அடுப்பு மேடையில் இடுப்பைச் சாய்த்து நின்றார். ஈடு வெந்திருந்தது, தட்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுப் பானையில் வெறும் தண்ணீரைக் கொதிக்கவிட்டாள். மூடியை ஒரு விரல்கிடை நகர்த்தினாள், அந்தச் சந்தில் ஆவி கத்திபோல எழுந்தது. நடுக்குச்சியில் பசை போட்டு ஒட்டியிருக்கிறது, பசைக்கு ஆவி பட்டால் கழன்றுவிடும், அதனால் அவர் தன் மஃப்ளரின் முனையைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து அதன்மேல் சுற்றினார், ஒரு கையால், பல்லால் ஒரு முனையைக் கடித்துக்கொண்டு. அவள் உதவப் போகவில்லை. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். பிறகு அவர் குச்சியைப் பிடித்துக்கொண்டார், அவள் நுனியைப் பிடித்தாள். அவர்களுக்கு ஆளுக்கு ஒரு கைதான் இந்த வேலைக்கு என்று ஆகிப் பல வாரம் ஆகிவிட்டது, இவருக்கு இடது கை, அவளுக்கு வலது, சேர்ந்தால் ஒரு ஆள். சிவப்புப் புள்ளி ஆவிக்குள் போயிற்று. ஆறு எண்ணினாள், வெளியே எடுத்தார்கள், நுனியை அவள் மெதுவாக முறுக்கினாள். மரம் மெத்தென்று கொடுத்தது, பிறந்த குழந்தையின் காது மடலைப் பிடித்ததுபோல. சுருதி பிறந்த அன்றைக்கு இவர் அப்படித்தான் பிடித்துப் பார்த்தார், காதை, மூக்கை எல்லாம் விட்டுவிட்டுக் காதை, அளவெடுக்கிற ஒர்க் ஷாப் கண்ணோடு, ரெண்டும் சமமா இருக்கு தமா என்றார். தமா என்பார் அப்போதெல்லாம். முழுப் பேர் கோபத்தில்தான். தமயந்தி என்று முழுசாக வந்தால் வீடு நடுங்கப் போகிறது என்று அர்த்தம். மறுபடி ஆவிக்குள், மறுபடி ஆறு. அவர் மூச்சு அவள் நெற்றியில் பட்டது, பல்பொடி வாசனையும் ஈர மஃப்ளர் வாசனையும். இப்படி நெருக்கமாக நின்று சண்டையில்லாமல் ஒரு வேலை செய்து எத்தனை வருஷம் இருக்கும், நோய்க்கு முன்னாலேகூட இல்லையே என்று நினைத்தாள், நினைத்ததும் நோய்க்கு நன்றி சொல்கிறாளோ என்று திடுக்கிட்டு, சீ, அதற்கில்லை, இதற்கு, இந்த அடுப்புக்கு, இந்தக் கைக்கு, என்று அவசரமாகத் திருத்தினாள், மேலே கேட்டுக்கொண்டிருக்கிறவர்கள் தப்பாக எடுத்துக்கொள்ளாமல்.

எத்தனை முறுக்குவது என்பதுதான் சங்கடம். கொஞ்சம் அதிகமாகவே முறுக்க வேண்டும், ஆறும்போது மரம் சிறிது திரும்பும், அந்தச் சிறிதையும் சேர்த்து. குறைந்தால் கோணல் மிச்சம், கூடினால் நார் வழியே கீறிவிடும், மாற்றுத் தகடு கிடையாது, இருந்தாலும் காய நேரம் கிடையாது. அவள் முறுக்கினாள். இன்னும் கொஞ்சம். அவளுக்குள் இருக்கிற அந்த அவசரக்காரி இன்னும் கொஞ்சம், ஒரே திருப்பில் முடித்துவிடு என்றாள். "போதும்" என்றார் சற்குணம். அவள் வழக்கப்படி இன்னும் வேண்டும் என்கிறார் என்று எடுத்துக்கொண்டு முறுக்கப் போனாள். "போதும்" என்றார் மறுபடி, தாழ்ந்த குரலில், அவள் மணிக்கட்டின் மேல் அவருடைய வலது கை வந்து விழுந்தது, தூக்கி வைத்ததுபோல இல்லை, விழுந்ததுபோல, ஆனால் விழ வேண்டிய இடத்தில். அவள் நிறுத்தினாள். அந்த வார்த்தைக்கு அந்த அர்த்தமே வந்திருக்கிறது. போதும் என்றால் போதும். பத்து மாசமாகக் காபியாகவும் ஃபேனாகவும் அண்ணனாகவும் அலைந்த சொல் வீட்டுக்கு வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது. இருவரும் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்கள், பிளேடு ஆறும் வரை. அவள் எண்ணவில்லை. கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பானையில் தண்ணீர் வற்றிக் கடகடவென்று அடியில் சத்தம் வந்தபோதும் அடுப்பை அணைக்கக் கை நீட்டவில்லை, அவர்தான் இடுப்பாலேயே நகர்ந்து முழங்கையால் திருகைத் தட்டி அணைத்தார். அணைந்ததும் அடுப்படி அவ்வளவு அமைதியாகிவிட்டதில் அவளுக்குப் பொய் சொல்ல முடியவில்லை. "பானை இல்லீங்க" என்றாள், நுனியை விடாமல், அவர் முகத்தைப் பார்க்காமல். "நான்தான். நேத்திக்குப் பதினோரு மணிக்கே பிரிச்சிட்டேன். காஞ்சிடுச்சுன்னு நெனச்சேன். இல்ல, காயலைன்னு தெரியும், தெரிஞ்சேதான் பிரிச்சேன்." அவர் கை அவள் மணிக்கட்டிலிருந்து எடுபடவில்லை. எடுக்க முடியவில்லையோ, எடுக்கவில்லையோ.

மேஜைக்குப் போனார்கள். ஃபேனை நிறுத்தினாள், ஜன்னலைச் சாத்தினாள், கதவிடுக்கில் ஈர மிதியடியைத் தள்ளினாள். அவர் காற்றாடியைக் குண்டூசியில் மாட்டி, இடது சுண்டுவிரலால் தொட்டும் தொடாமலும் ஒரு தள்ளு தள்ளினார். புள்ளி இல்லாதது தீப்பெட்டி விளிம்பைக் கடந்தது. சிவப்புப் புள்ளி வந்தது, அதே இடத்தில், அதே இடைவெளியில், கடந்தது. மறுபடி வெறும் பிளேடு. மறுபடி சிவப்பு. நுனிகள் காற்றில் ஒரே கோட்டைத்தான் வரைந்தன. சற்குணத்தின் கன்னம் இரண்டும் உப்பியிருந்தன, மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார், விட்டால் அந்தக் காற்று போதும் அதைக் கெடுக்க, வாயோரம் மட்டும் ஒரு பக்கமாக, நோய் விட்டுவைத்த அந்தப் பக்கமாக, ஏறிக்கொண்டே போயிற்று. தமயந்தியும் மூச்சைப் பிடித்தாள். வாசலில் பெர்னார்டின் கார் ஹாரன் ஒரு தரம் கேட்டது, வழக்கத்துக்கு அரை மணி முன்னதாக, அந்த மனுஷனுக்கும் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லைபோல. இருவரும் திரும்பவில்லை. சொல்லாதே, ஆவணியை மறந்தாயா, கேட்காதே, வாயை மூடு வாயாடி, என்று உள்ளே எத்தனை பேர் அதட்டினார்கள், சிஸ்டர், அப்பா, அட்டைக்காரப் பெண். அவள் மூச்சை விட்டாள், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் விட்டாள், காற்றாடிமேல் படாமல். திருப்பிய முகத்தோடேயே, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, சண்டைக்கான அதே குரலில், எவ்வளவு அடக்கியும் கடைசியில் கொஞ்சம் உடைந்துபோன குரலில் சொன்னாள்.

"பாவம், பானையைத் திட்டிட்டீங்க. அது ஒண்ணும் பண்ணலை. இப்ப யாருன்னு தெரிஞ்சுபோச்சுல்ல, அதை விட்டுட்டு, முதல்ல இருந்து என்னைத் திட்டுங்க. என் பேரைச் சொல்லித் திட்டுங்க."

காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. வெறும் பிளேடு, சிவப்புப் புள்ளி, வெறும் பிளேடு. வாசலில் ஹாரன் மறுபடி ஒரு தரம் அடித்து ஓய்ந்தது. அவள் வேறு ஒரு வார்த்தையும் பேசாமல் நின்றாள்.